கதிர்க்குருவி வராத வருஷங்கள்

புரட்டாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓய்ந்து கிழக்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டால், வின்ஸ்டன் மாஸ்டருக்குக் கால் தரையில் பாவாது. கதிர்க்குருவி வருகிற பருவம் அது. இமயமலைப் பக்கமிருந்து, கட்டைவிரல் தண்டி இருக்கிற ஒரு பச்சைக் குருவி, யாரிடமும் வழி கேட்காமல் நேராகக் கோயமுத்தூருக்கு வந்து இறங்குகிறது என்றால் சும்மாவா! "நம்மாளு போத்தனூர் ஜங்ஷன்ல எறங்குனா ஊட்டுக்குப் போறதுக்கே நாலு பேர்த்தக் கேப்பான். இதுக்கு யாருங்க மேப்பு போட்டுக் குடுத்தது?" என்று எதிர்ப்படுகிற ஆளிடமெல்லாம் சொல்லுவார். கேட்கிறவர்கள் "அப்புடீங்களா மாஸ்டர்" என்பார்கள். போன வருஷமும் அதையேதான் கேட்டிருப்பார்கள். ஆனாலும் என்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மரியாதை ரத்தத்தில் ஊறினது. அந்த மரியாதை ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும் என்பதற்கு மாஸ்டர் கதையே போதும்.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். நூல் நூற்கிற கூடத்தில் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மாஸ்டர் அதில் மகா கெட்டிக்காரர். கூடத்துக்கு அந்தக் கோடியில் இரண்டு பேர் அவரைப் பற்றிக் குசுகுசுத்தால் போதும், இங்கே இருந்தபடியே பதில் சொல்லுவார். வாரத்தில் ஆறு நாள் அந்த இரைச்சலில் கிடந்த மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை குறிச்சிக் குளத்துக் கரைதான் மருந்து. அப்படித்தான் குருவிப் பைத்தியம் பிடித்தது.

பைத்தியம் பிடித்தவருக்குப் பொருத்தமாகப் பெண்டாட்டியும் வாய்த்தது அவர் செய்த புண்ணியம். கிளாடிஸ் தையல் டீச்சர். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை மயிரிழை சுருதி இறங்கியிருந்தாலும் முகத்தைச் சுளித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட காது. விடிவதற்கு முன்னால் பிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக்கொண்டு, டிவிஎஸ் ஐம்பதில் இரண்டு பேரும் குளத்துக்குப் போவார்கள். கதிர்க்குருவியைக் கண்ணால் தேடினால் ஆகாது. இலைக்குள் இலையாக இருக்கும். முதலில் அதன் குரலைப் பிடிக்க வேண்டும். 'சிவீட்' என்று ஊசி மாதிரி மெல்லிசாக ஒரு குரல். குரல் வந்த திக்கில் பைனாகுலரைத் திருப்பினால்தான் ஆள் அகப்படும். யார் காதில் முதலில் விழுகிறதோ அவர் மற்றவரின் கையைப் பிடித்து இழுப்பார். ஒன்பது மணி ஆராதனைக்கு அப்படியே போய் நிற்பார்கள், கிளாடிஸின் சேலைக் கரையெல்லாம் ஒட்டுப்புல்லாக இருக்கும். பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூர் போன பிற்பாடு, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் அவர்கள் இரண்டு பேருக்கும் குடித்தனம் என்று இருந்தது.

பிறகு குருவி பார்க்கிறதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. டவுன்ஹால் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த முஸ்தபா, காலேஜில் விலங்கியல் பாடம் எடுக்கிற பாலகோபால், இன்னும் ஏழெட்டுப் பேர். மாஸ்டர்தான் தலைவர். வேறு யார் இருக்க முடியும்? சட்டதிட்டமும் அவர் போட்டதுதான். ஒருத்தர் காதில் மட்டும் விழுந்த குருவி கணக்கில் சேராது, இன்னொருத்தருக்கும் கேட்டிருக்க வேண்டும். வலசை வருகிற கதிர்க்குருவி மாஸ்டர் இலாகா. கிளாடிஸுக்கு ஊர்க்குருவி இலாகா, அதாவது வீட்டு மீட்டர் பெட்டிக்குள்ளும் டியூப்லைட்டுக்குப் பின்னாலும் கூடு கட்டுகிற சிட்டுக்குருவி. எந்தத் தெருவில் கூடு குறைந்தது, எந்த மளிகைக் கடை வாசலில் கூட்டம் சேருகிறது என்று அவள் சந்தோஷமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கூட்டத்தில் ஊர்க்குருவி என்றால் ஒரு மாற்றுக் குறைச்சல்தான். அது எல்லாருக்கும் தெரியும். கிளாடிஸுக்கும் தெரியும்.

தொண்ணூற்றி இரண்டு ஐப்பசியில் பம்பாயிலிருந்து ஒரு பெரிய மனுஷர் வந்தார். பறவை விஷயத்தில் பழுத்த ஆள் என்று பாலகோபால் கையைப் பிடிக்காத குறையாகக் குளத்துக்கு அழைத்து வந்திருந்தார். மாஸ்டர் அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கரையில் வரிசையாக நின்ற வேலமரங்களுக்குக் கீழே நடந்துகொண்டே, எந்த மாதம் எந்தக் குருவி எந்தத் திக்கிலிருந்து வரும் என்று தெரிந்த இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார். பம்பாய்க்காரர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

அப்போது பின்னால் வந்துகொண்டிருந்த கிளாடிஸ் சட்டென்று நின்றாள்.

"ஏனுங்க, வந்துருச்சுங்க!" என்று ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "கதிர்க்குருவிங்க. அந்த மூணாவது மரத்துல. கேட்டுதுங்களா?"

மாஸ்டர் நின்றார். எல்லோரும் நின்றார்கள். மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு காக்கை கத்தியது. தண்ணீரில் நாமக்கோழி கத்தியது. வேறு ஒன்றுமில்லை.

"ஒண்ணுங் காணமே," என்றார்.

"இப்பத் திரும்பக் கூப்புட்டுதுங்க. இதா... இதா!" கிளாடிஸின் முகம் பூத்துப் போயிருந்தது. அந்த வருஷத்து முதல் கதிர்க்குருவி அது.

"தையல்சிட்டா இருக்கும்."

"தையல்சிட்டு எனக்குத் தெரியாதுங்களா? இது அதேதானுங்க. நல்லாக் கேளுங்க."

இரண்டாம் தடவை அவள் வற்புறுத்தியதுதான் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. வந்த மனுஷர் எதிரில் தன் பெண்டாட்டியே தன்னை மறுத்துப் பேசுகிறாளே என்று சுருக்கென்றது. மற்றவர்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு யாருக்காச்சும் கேட்டுதுங்களா?" என்றார். முஸ்தபா பைனாகுலரைத் துடைத்தார். பாலகோபால் தண்ணீரைப் பார்த்தார். பம்பாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது, அவர் பாவம், வேலமரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மாஸ்டர் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு சும்மா இருக்குமா?

"உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா?" என்று சொல்லிச் சிரித்தார். "நீ ஊர்க்குருவியவே பாரு அம்மணி, அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரித்தால் சிரிக்க வேண்டாமா? கிளாடிஸும் சிரித்தாள். அதுதான் கொடுமை. பிடித்திருந்த கையை மெதுவாக விட்டுவிட்டு, சேலையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "தலைவலியா இருக்குதுங்க, நீங்க போய்ட்டு வாங்க," என்றாள். அதற்கடுத்த வாரம் வீட்டில் வேலை. அதற்கடுத்த வாரம் மாஸ்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிளாஸ்க்கில் காப்பி மட்டும் தவறாமல் ஊற்றி வைத்துவிடுவாள். ஒரு ஆளுக்கு அளவாக.

மாஸ்டருக்குத் தெரியாமல் இல்லை. சொன்ன சொல் அதிகம் என்று அன்றைக்கு ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போதே உறுத்தியது. "தப்பாச் சொல்லிப்போட்டேன் கிளாடிஸ்" என்று நாலு வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குருவி கேட்கவில்லை என்பது உண்மைதானே, உண்மையைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்று தனக்குத் தானே வக்கீலாகிக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எந்த வருஷமும் இல்லாமல் விலை உசந்த பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தார். அவளும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சேலை எடுத்துக் கொடுத்தால் சொன்ன சொல் திரும்பி வந்துவிடுமா? டிவிஎஸ்ஸின் பின் சீட்டு காலியாகவே போய்க் காலியாகவே வந்தது. வெறும் சீட்டு தடதடவென்று ஆடுகிறதை முதுகில் உணர்ந்துகொண்டே ஓட்டுவார்.

அதோடு இன்னொரு துக்கமும் சேர்ந்துகொண்டது. அடுத்த வருஷம் கதிர்க்குருவி வரவில்லை.

மாஸ்டர் வாராவாரம் போய் நின்றார். குறிச்சிக் குளம், உக்கடம், சிங்காநல்லூர் என்று ஒரு குளம் விடவில்லை. காக்கை கத்துகிறது, குயில் கத்துகிறது, கரிச்சான் கத்துகிறது. கதிர்க்குருவி மட்டும் மூச்சுக் காட்டவில்லை. எப்போதாவது அதிர்ஷ்டத்தில் ஒன்று இரண்டு கண்ணில் பட்டது. அதுவும் வாயைத் திறக்காமல் ஊமையாகக் கிளைக்குக் கிளை தத்திக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். மருந்தடித்த செடியில் இருக்கிற புழுவைத் தின்று குருவிக்குக் குரல் கெட்டுப் போச்சாம். சாயத் தண்ணீர் குளத்தில் கலந்து பூச்சி செத்துப் போச்சாம், அதனால் வலசையே நின்று போச்சாம். கூட்டத்தில் எழுந்து நின்று தழுதழுத்த குரலில் சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார். 'கோவைக்கு விடை கொடுத்த குருவி' என்று தலைப்புப் போட்டு, மாஸ்டர் போட்டோவோடு வந்தது. சாயத் தண்ணீரும் மருந்தும் நல்லதென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பூனை கண்ணை மூடிக்கொண்டால் ஊரே இருட்டிப் போய்விடுமா?

கூட்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் "அப்புடித்தானுங்க மாஸ்டர்" என்றார்கள். அவர் இல்லாத நாளில் அவர்கள் போய்க் கதிர்க்குருவியைப் பார்த்துக் கேட்டு மகிழ்ந்தார்கள். அவர் வருகிற நாளில் கொக்கையும் நாரையையும் காட்டிவிட்டு வந்தார்கள்.

பத்திரிகையைக் கொண்டுவந்து கிளாடிஸிடம் காட்டினார். அவள் அடுப்படியில் நின்று முழுக்கப் படித்தாள். "போட்டோ நல்லா வந்திருக்குதுங்க," என்று மடித்துக் கொடுத்தாள்.

இப்படியே நாலு ஐப்பசி போயிற்று.

தொண்ணூற்றி ஆறில், ஒரு சனிக்கிழமை சாயந்தரம் துடியலூரில் பாலகோபால் வீட்டில் கூட்டம். அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து பறவைக் குரல் கேசட் ஒன்று அனுப்பியிருந்தார். எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். பெரிய டேப்ரிக்கார்டர். சத்தத்துக்குத் தக்கபடி சிவப்பும் பச்சையுமாக வரிசை விளக்கு ஏறி இறங்குகிற மாதிரி. முதலில் மரங்கொத்தி வந்தது. மாஸ்டர் சட்டென்று பெயர் சொன்னார். குக்குறுவான் வந்தது, சொன்னார். ஆந்தை வந்தது, அதையும் சொன்னார். எல்லோரும் "பலே" என்றார்கள். மாஸ்டர் சம்மணத்தை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்ததாக ஒன்றும் வரவில்லை. மாஸ்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்னுங்க பாலகோபால், டேப்பு சிக்கிக்கிச்சா?" என்றார்.

பாலகோபால் கை பட்டனுக்குப் போய்ப் பாதியில் நின்றது. மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். உள்ளே நாடா சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நிலைப்படியில் படுத்திருந்த பாலகோபால் வீட்டு நாய் தலையைத் தூக்கி, இரண்டு காதையும் விடைத்துக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்தது.

மாஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகத்தைப் படிக்கிறவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? அத்தனை பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. நாய்க்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"என்ன குருவிங்க இது?" என்று கேட்டார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

பாலகோபால் பெட்டியை நிறுத்தினார். "கதிர்க்குருவிங்க மாஸ்டர்."

திரும்பும்போது முஸ்தபாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். பாதி வழியில் மாஸ்டர் அவர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். முஸ்தபா ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார். இந்த ஆள் ரொம்ப நாளாகவே இப்படித்தான் நேரே வந்து நின்று பேசுகிறார் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் பார்த்தே அத்தனை பேச்சையும் பிடித்துக்கொண்டதில், காது எப்போது போனது என்றே தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தார். மனுஷனுக்கு உதடு இருக்கிறது. இலைக்குள் இருக்கிற குருவிக்கு ஏது உதடு?

"அன்னிக்குக் கொளத்துல கிளாடிஸ் சொன்னது, உங்களுக்குக் கேட்டுதா முஸ்தபா?"

முஸ்தபா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "கேட்டுதுங்க."

"பாலகோபாலுக்கு?"

"எல்லாத்துக்கும் கேட்டுதுங்க மாஸ்டர். அந்தப் பம்பாய்க்காரர் குருவியப் பார்த்தே போட்டார். போறப்பக் கார்ல சொல்லிட்டே போனாராம்."

"அப்பறம் ஏனய்யா வாயத் தொறக்கல?" மாஸ்டர் கத்தியே விட்டார். ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அவ ஒருத்தி நின்னு கெஞ்சறா. நீங்க அத்தனை பேரும் தெரிஞ்சுட்டே சிரிச்சீங்களா?"

"நீங்க பெரியவங்க. நீங்க இல்லைன்னு சொன்னதுக்கு மேல நாங்க எப்புடீங்க..." என்று முஸ்தபா இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்காகிட்ட எத்தனையோ வாட்டி சொல்லணும்னு நெனச்சேனுங்க. மொகத்தப் பார்த்துச் சொல்ல முடியலீங்க."

மாஸ்டருக்கு அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. அடித்து என்ன செய்ய? சிரிக்க வைத்தது யார்? கெட்ட வார்த்தை ஒன்று வாய்க்குள் வந்தது, தன்னையே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் அவர் எதுவும் சொல்லவில்லை. கூட்டத்தில் அவமானப்படுத்தியதைக் கூட்டத்தில்தான் திருப்பி எடுக்க வேண்டும், பிறகுதான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தார். விடிந்ததும் குளத்துக்குப் போனார். எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த மூன்றாவது வேலமரத்தடியில் நின்றுகொண்டு, "எனக்குக் காது போச்சுங்க. குருவி போகல. அன்னிக்குக் கிளாடிஸ் சொன்னதுதான் நெசம். நான் சொன்னது அத்தனையும் தப்பு. பத்திரிகையில சொன்னதும் தப்பு," என்றார்.

"அட விடுங்க மாஸ்டர்" என்றார் ஒருத்தர். "வயசானா எல்லாத்துக்கும் வர்றதுதானுங்க" என்றார் இன்னொருத்தர். "இதையெல்லாம் போயி மனசுல வெச்சுக்கிட்டு" என்று பாலகோபால் காப்பியை நீட்டினார். ஒரு ஆளாவது, ஆமாம் நீ செய்தது அக்கிரமம் என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தார். ஒருத்தரும் சொல்லவில்லை. காப்பியை வாங்கிக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்து இதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் எப்படிப் போனால் என்ன என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

கிளாடிஸ் பின்கட்டில் இருந்தாள். ஆராதனைக்குச் சேலை கட்டிக்கொண்டு, தலைமுடி ஈரம் காய, வேப்பமரத்தடியில் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவர் போய் எதிரே நின்றார்.

"கிளாடிஸ், எனக்குக் காது கேக்கறதில்ல. மெல்லிசுக் குரலெல்லாம் சுத்தமா உழுகறதில்ல. நேத்துத்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு நீ சொன்னதுதான் நெசம். இப்பத்தான் கொளத்துல எல்லாத்துக்கிட்டயும் சொல்லிப்போட்டு வாரேன்."

அவள் திடுக்கிடவில்லை. முடியைக் கோதிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"தெரியுமுங்க," என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குக் கேக்கறதில்லைன்னு. குக்கர் விசிலு அடிச்சா நீங்க திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. அலாரம் அடிக்கறது தெரியறதில்ல. ரொம்ப நாளாத் தெரியுமுங்க."

"அன்னிக்குக் கொளத்துல...?"

"அப்பவுந் தெரியுமுங்க. மொத வாட்டி நீங்க இல்லைன்னு சொன்னப்ப எனக்கு ஆத்தரமா வந்துச்சு. ரெண்டாவது வாட்டி உங்க மொகத்தப் பார்த்தேன். நெசமாவே உங்களுக்கு ஒண்ணும் கேக்கலைன்னு தெரிஞ்சு போச்சு."

"சொல்லியிருக்கலாமே அம்மணி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"அத்தனை பேர் முன்னால, வெளியூர் மனுசர வெச்சுக்கிட்டு, எம் புருசன் செவிடுன்னு சொல்லச் சொல்றீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "நான் ஊர்க்குருவியாவே இருந்துட்டுப் போறேன்னு உட்டுட்டேனுங்க."

மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயது மனுஷன், இஸ்திரி போட்ட சட்டையோடு மண்ணில் உட்கார்ந்து அழுதார். கிளாடிஸ் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். "எந்திரிங்க. யாராச்சும் பார்த்தா என்ன நெனப்பாங்க," என்றாள்.

"அடுத்த வாரம் நீயும் வா. நீ கேட்டுச் சொல்லு, நான் பாக்கறேன். இனி நீதான் எங் காது," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவள் அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள். அவருக்கு நம்பிக்கை வந்தது.

"வேண்டாமுங்க," என்றாள். "உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. அது எப்பவோ போச்சு. கூடவே அந்த ஆசையும் போயிருச்சுங்க. மொத ரெண்டு வருசம் நீங்க வண்டிய எடுக்கற சத்தம் கேக்கறப்பெல்லாம் அழுதிருக்கேன். இன்னொரு வாட்டி வான்னு கூப்புட மாட்டீங்களான்னு. அப்பறம் பழகிப் போச்சு. கதிர்க்குருவி இந்த வேம்புக்கே வருதுங்க. ஒவ்வொரு ஐப்பசியும் தவறாம வருது. நீங்க அதைத் தேடி ஊர் ஊராப் போவீங்க, நான் இங்க ஒக்காந்து கேட்டுக்குவேன். தனியாவே கேட்டுப் பழகிட்டேனுங்க."

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். தினமும் பல் தேய்க்கிற இடம். துண்டு காயப் போடுகிற மரம். நாலு வருஷமாக, தலைக்கு மேலே இருந்த குருவியை ஊரை விட்டே போய்விட்டது என்று சொல்லி ஒப்பாரி வைத்தோமே என்று நினைத்தார். பச்சை இலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இப்ப இருக்குதா?" என்று கேட்டார். "இப்பக் கூப்புடுதா கிளாடிஸ்?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள். "இப்ப ஒண்ணுமில்லீங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. கண் வேம்பின் மேற்குக் கிளையிலிருந்து நடுக்கிளைக்கும், நடுக்கிளையிலிருந்து உச்சிக்கும், நின்று நின்று, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். ஊரெல்லாம் தனக்குக் காட்டுகிற மரியாதையை இவளும் காட்டத் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்தது. இதைவிட, ‘செவிட்டு மனுசா, அங்கதான் உக்காந்து கத்துது’ என்று அவள் சீறியிருந்தால் அவருக்கு உயிர் வந்திருக்கும்.

"செரி," என்றார்.

"ஆராதனைக்கு நேரமாச்சுங்க," என்று அவள் பாட்டுப் புத்தகத்தை எடுக்க உள்ளே போனாள்.